இடப்பக்கப் பின் ஸ்பீக்கர்

ஹோம் தியேட்டரில் ஒரு ஸ்பீக்கர் பேசவில்லை என்றால், எடுத்த எடுப்பில் ஸ்குரூ டிரைவரோடு போய் நிற்கக் கூடாது. முதலில் ரிமோட்டில் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, தரை துடைக்கும்போது யாராவது வயரை இழுத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். பத்தில் ஏழு கோளாறு இந்த இரண்டோடு தீர்ந்துவிடும். மீதி மூன்றுக்குத்தான் ஆள் தேவைப்படும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

நீங்கள் அனுப்பிய விசாரணைத் தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ‘தங்கள் மாமனாருக்கு இடது காது கேட்கவில்லை என்பது தங்களுக்கு எந்தத் தேதியில் தெரியவந்தது?’ பதிலுக்கு அரை வரி இடம் விட்டிருக்கிறீர்கள். தேதி எழுத அரை வரி தாராளம். ஆனால் வெறும் தேதியை எழுதிக் கொடுத்தால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் போலத் தோன்றும். அதனால்தான் தனித்தாளில் எழுதுகிறேன். பொறுமையாகவே படியுங்கள். மாமனார் இறந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது, இனி அவசரப்பட ஒன்றுமில்லை.

நம் மையத்தில் பன்னிரண்டு வருடமாகக் காது சோதிக்கிறேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சொல்வேன். வெளியே உட்கார்ந்து பொத்தானை அழுத்துவேன். பெரிய படிப்பெல்லாம் இல்லை, ஆனால் கவனம் வேண்டிய வேலை. கேட்காமலே கேட்டது போல விரலைத் தூக்குகிறவர்கள் நிறைய பேர். அவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். இதுவரை என் கணக்கு தப்பியதில்லை. என் வேலையைப் பற்றி இதுவரை புகார் வந்ததில்லை என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கும். இப்போது வந்திருக்கும் முதல் புகாரும் என் மைத்துனன் கொடுத்தது.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. கல்யாணமான ஆறாவது மாதம் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் சுவரெல்லாம் ஈரம் ஏறிவிட்டது. கொஞ்ச நாளைக்கு அப்பா வீட்டில் இருக்கலாம் என்றாள் மனைவி. அந்தக் கொஞ்ச நாள் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாமனார் கெட்டவர் இல்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கட்டடத்தில் கீழே நின்றுகொண்டு, லிஃப்ட் இறங்கி வரும் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் கதவு உரசுகிறது என்று சொல்லிவிடுவார் என்று சொல்வார்கள். சொன்னது பெரும்பாலும் அவர்தான்.

அவருக்கும் எனக்கும் சண்டை கிடையாது. சண்டை போடுவதற்கும் ஒருவரோடு ஒருவர் பேசத்தானே வேண்டும். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். “உன் வீட்டுக்காரர் பாத்ரூம் லைட்டை அணைக்காம வந்துட்டார் போல, சொல்லும்மா” என்று மகளிடம் சொல்வார். அவள் சொல்வதற்குள் நானே எழுந்துபோய் அணைத்துவிட்டு வருவேன். விருந்தாளி வந்தால், “பொண்ணோட வீட்டுக்காரர். காது மிஷின் விக்கிறார்” என்பார். நான் விற்பதில்லை. விற்பவர்கள் வேறு கவுன்ட்டர். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட நான் அதைத் திருத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் வலித்தது, அவ்வளவுதான்.

அவர் ஓய்வு பெற்றபோது மைத்துனன் ஹோம் தியேட்டர் வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு வெளியூரில் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை வருவான், வராத தடவைக்கெல்லாம் சேர்த்துப் பெரிதாக ஏதாவது வாங்கிப் போடுவான். டிவியை ஒட்டி மூன்று ஸ்பீக்கர், ஹாலின் பின் மூலைகளில் ஸ்டாண்டு போட்டு இரண்டு, தரையில் ‘தொம் தொம்’ என்று அதிர்கிற ஒரு பெட்டி. ஆட்கள் வந்து மாட்டிவிட்டு, நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, “சார், நீங்க இங்க உட்காந்தாத்தான் எல்லாப் பக்கமும் சரியா கேக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அது அவருடைய நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் ஒரு படம். மாமியார் இடப்பக்க சோபாவில், மனைவி வலப்பக்க சோபாவில். நான் பெரும்பாலும் படுக்கையறையில் இருப்பேன். யாரும் வராதே என்று சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை.

மூன்று மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலிலிருந்து அவர் குரல் கேட்டது.

“உன் வீட்டுக்காரருக்கு வயர் கியர் ஏதாவது தெரியுமா? பின்னாடி இடது பக்கம் இருக்கிறது பேசவே மாட்டேங்குது.”

நான் ரிமோட் பேட்டரியைப் பார்த்தேன். வயரைப் பார்த்தேன். ஸ்பீக்கரிலேயே காதை வைத்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபையரில் சோதனைச் சத்தம் என்று ஒன்று இருக்கும். ‘உஸ்’ என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். அவரைக் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்டச் சொன்னேன். வேலைப் பழக்கம். முன்னால் இருக்கும் மூன்றுக்கும் டிவி பக்கம் காட்டினார், சரி. வலது பின்னுக்கு வலப்பக்கம் காட்டினார், சரி. இடது பின்னில் உஸ் என்றது. கொஞ்சம் யோசித்து, மறுபடி வலது பக்கமே கையைக் காட்டினார். “ஒரே இடத்துல ரெண்டு தடவை வருது பாரு” என்றார். அந்தப் ‘பாரு’ மகளுக்கு.

இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைத்தேன். இடது பக்கம்தான் பேசவில்லை என்றார். ஆம்ப்ளிஃபையரில் இரண்டு வயரையும் மாற்றிச் சொருகினேன். அப்போதும் இடது பக்கம்தான். கோளாறு பார்க்கிறவனுக்குத் தெரிந்த வழி இதுதான், ஒவ்வொன்றாக மாற்றுவது. எதை மாற்றும்போது கோளாறும் கூடவே போகிறதோ, குற்றம் அதில்தான். ஸ்பீக்கரை மாற்றியாயிற்று, வயரை மாற்றியாயிற்று. மாற்றாமல் பாக்கி இருந்தது ஒன்றுதான்.

“மாமா, சுவர்ல பட்டு சத்தம் எப்படித் திரும்புதுன்னு பாக்கணும். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பட்டுமா?” என்றேன்.

அவரை டிவிக்கு முதுகு காட்டி உட்காரவைத்துச் சத்தத்தைச் சுற்றவிட்டேன். அதுவரை செத்துக்கிடந்த ஸ்பீக்கர் உடனே உயிர்பெற்றது. அதுவரை நன்றாக இருந்தது செத்துப்போனது. கோளாறு நாற்காலியோடு திரும்பியிருந்தது. ஹால் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால்.

நம் மையத்தில் என் மேசைக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் அனுப்பவும்.’ வயதாகிக் காது மந்தமானால் இரண்டும் சேர்ந்துதான் மந்தமாகும். ஒன்று மட்டும் போனால், காது நரம்பில் கட்டி ஏதாவது வளர்கிறதா என்று ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். வலியே இல்லாமல் வளரும். சின்னதாக இருக்கும்போது பிடித்துவிட்டால் ஒன்றுமே இல்லை. அந்த அறிவிப்பை ஒட்டியவன் நான்தான்.

நாற்காலியைப் பழையபடி திருப்பி வைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளை, எதுல கோளாறு?”

நீங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்ததில்லை, அதனால் இந்த இடத்தைச் சற்று மெதுவாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை போன பத்து வருடத்தில் அவர் என் முகத்தைப் பார்த்து மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தன் காதை வைத்தே பிழைப்பு நடத்தியதாகச் சொல்லிக்கொள்கிற மனிதர். அவரிடம் போய், மாமா, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, உங்கள் காதுதான் போய்விட்டது என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் தள்ளிப்போட்டால் குடி முழுகிப்போகாது என்று நினைத்தேன்.

“வயர்ல மாமா. அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்.”

“சரி, உக்காருங்க. படம் பாத்துட்டுப் போங்க” என்றார். மாமியாரிடம் எனக்கும் சேர்த்து டீ போடச் சொன்னார். அன்று பார்த்த படத்தின் கதை எனக்கு நினைவில்லை. டீயில் சர்க்கரை அதிகம், அது நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிறு இடது பின் ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் ஒரு புள்ளி கூட்டினேன். ஆம்ப்ளிஃபையரில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் பத்துப் புள்ளி வரை கூட்டலாம். செத்த காதுக்கு அது போய்ச் சேராது. சுற்றிவந்து வலது காதில்தான் விழும். ஆனால் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரியும். “பரவாயில்லை மாப்பிள்ளை, இப்ப கொஞ்சம் பேசுது” என்றார். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு வாரமும் பின்பக்கம் திருகாணியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி மாட்டுவேன். உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து டார்ச் பிடிப்பார். லிஃப்ட்டில் அந்தக் காலத்தில் என்னென்ன கோளாறு வரும் என்று சொல்லிக்கொண்டே பிடிப்பார். நல்ல கதைசொல்லி. இத்தனை வருடம் அந்தக் கதைகளை எல்லாம் நான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை கணக்கில் பிசகினேன். ஒரே வாரத்தில் இரண்டு புள்ளி கூட்டிவிட்டேன். அது அவருக்கு ரொம்பத் திருப்தியாகப் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டையை மாற்றிக்கொண்டு படுக்கையறையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஹாலில் படம் ஓடுவது கேட்டது, அவர் சிரிப்பது கேட்டது. நான்கு மணிக்கு மனைவி வந்து, “தூங்கலையா?” என்றாள். மறுநாள் காலை அவர் நடைப்பயிற்சிக்குப் போன நேரத்தில் மூன்று புள்ளி குறைத்துவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு மூன்று மணிக்கே கூப்பிட்டார். இதை நான் மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. உண்மையாக எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மூன்றாவது மாதம் மனைவிதான் முதலில் கேட்டாள். “என்னங்க, அந்தப் பக்கம் காது கிழியுது. அம்மா சோபாவை விட்டுட்டு சமையலறை வாசல்ல போய் உக்காந்துக்கிறாங்க. அப்பாவுக்குத்தான் காது சரியா கேக்கலையோ? நீங்க ஒரு தடவை செக் பண்ணக் கூடாதா?”

நியாயமான கேள்வி. நானும் நியாயமாகவே நடந்துகொண்டேன். மையத்திலிருந்து கையடக்க மிஷினை எடுத்துவந்தேன். முறைப்படி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்துவந்தேன். சாப்பாட்டு மேசையில் அவரை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். வலது காதைச் சோதித்தேன். பிறகு மறுபடியும் வலது காதையே சோதித்தேன். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தது. இரண்டாவதை இடது என்ற கட்டத்தில் பதிந்தேன். வயதுக்கு ரொம்ப நல்ல காது. மனைவியிடம் அதைத்தான் சொன்னேன். அவர் சபையே அதிர, “நான் அப்பவே சொன்னேன், கோளாறு ஸ்பீக்கர்லதான்” என்றார். மாமியார் முகத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு நானும் ஒரு காரணம் என்று அன்று தோன்றியது.

அந்த மிஷின் எல்லாவற்றையும் தேதியோடு நினைவில் வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதை யாரும் எடுத்துப் பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு காதும் புள்ளி பிசகாமல் ஒரே மாதிரி இருப்பது உலகத்திலேயே கிடையாது என்று உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். சரியான குறிப்பு. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஐந்தாவது மாதம் அவருக்கு ரீங்காரம் ஆரம்பித்தது.

“ஆம்ப்ளிஃபையர்ல ஒரு ‘ம்ம்ம்’னு சத்தம் வருது மாப்பிள்ளை.”

பிளக்கை வேறு இடத்தில் சொருகினேன். இரண்டு நாள் கழித்து, “அணைச்சு வெச்சாலும் கேக்குது” என்றார். அணைத்தாலும் உள்ளே கொஞ்சம் கரண்ட் ஓடும் மாமா என்றேன். பிளக்கையே பிடுங்கிவிட்டார், அப்போதும் கேட்டது. பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடுகிறது என்றேன். அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். அவர்கள் வீட்டில் மோட்டாரே இல்லை. நான்தான் இடையில் புகுந்து சமாதானம் செய்துவைத்தேன். அன்று சாயங்காலம், “நீங்க இல்லேன்னா கைகலப்பாகியிருக்கும்” என்று என் தோளைத் தட்டினார்.

சொல்ல நினைத்ததே இல்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். ஆறாவது மாதம் மையத்திலிருந்து டாக்டருக்கு அனுப்பும் படிவம் ஒன்றை எடுத்து, அவர் பெயர், வயது எல்லாம் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அன்று அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. “என் பையன் வாங்கித்தான் கொடுத்தான். கூட உக்காந்து பாக்குறது நீங்கதானே. இங்கேயே உக்காருங்க” என்றார். அவருக்கு வலப்பக்கத்தில் போட்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பேசினால்தான் நன்றாகக் கேட்கிறது என்று அவரும் அறியாமலே பழகியிருந்தார். நான் உட்கார்ந்தேன். படிவம் அந்த வாரத் துணியோடு துவைபட்டு உருண்டையாக வெளியே வந்தது. “என்னங்க இது?” என்றாள் மனைவி. “பழைய ரசீது” என்றேன்.

எட்டாவது மாதம் நடக்கும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்தார். தரையில் வைத்திருக்கும் பெட்டியின் அதிர்வுதான் தலையைச் சுற்றவைக்கிறது என்று சொல்லி அதை அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். கீழே ஒரு ரப்பர் விரிப்பும் போட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். “எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு” என்றார். மிஷின் மேல் பழி போட்டால் அவர் எதையும் ஒப்புக்கொள்வார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் மிஷினில் குற்றம் கண்டுபிடித்த மனிதர்.

பதினோராவது மாதம் டீ குடிக்கும்போது இடது கடைவாயில் ஒழுகியது. கன்னம் மரத்துப்போயிருக்கிறது என்றார். இதை ஸ்பீக்கர் மேல் போட முடியவில்லை. ஏசி காற்று நேராக அந்தப் பக்கம் அடிக்கிறது என்று அதன் தகட்டைத் திருப்பிவிட்டேன். அந்த வாரத்திலேயே இடது பின் ஸ்பீக்கர் பத்தாவது புள்ளியைத் தொட்டது. அதற்கு மேல் அந்த ஆம்ப்ளிஃபையரில் போக முடியாது. எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. அடுத்த ஞாயிறு என்ன செய்வது என்ற கவலை. பிறகு யோசித்து, மற்ற நான்கையும் குறைத்துக்கொண்டு வந்தேன். வழி என்பது தேடினால் கிடைக்கும்.

மைத்துனன் அந்தச் சமயத்தில் போனில் என்னிடம், “மாமா, அப்பா பேச்சு ஒரு மாதிரி குழறுது. டாக்டர்கிட்ட காட்டலாமா?” என்றான். “வயசு ஆகுதில்ல. நான் பக்கத்துலேயேதான் இருக்கேன், பாத்துக்கிறேன்” என்றேன். “நீங்க இருக்கீங்கன்னுதான் எனக்குத் தைரியம்” என்றான். இன்று அவன் புகாரில் எழுதியிருக்கும் வார்த்தைகள் கடுமையானவை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்தில் இருந்து பார்க்காதவனுக்கு இப்படித்தான் தோன்றும்.

பதினாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாந்தி எடுத்து, தலையைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். மனைவி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். நான் மையத்தில் இருந்தேன், நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்குள் படம் எடுத்துவிட்டிருந்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். காது நரம்பில் கட்டி. ஓர் எலுமிச்சம்பழ அளவு. மூளைத்தண்டை ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளியிருந்தது. மறுநாளே திறந்தாக வேண்டும், திறந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். ஒன்றரை வருடம் முன்னால் வந்திருந்தால் பட்டாணி அளவுதான் இருந்திருக்கும், கத்தியே வேண்டியிருந்திருக்காது என்றும் சொன்னார். மாமியார் சுவரில் சாய்ந்துகொண்டார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரியவந்தது அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றே முக்கால் மணிக்கு. சந்தேகமாக இல்லை, உறுதியாகவே. அதிலிருந்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் வரை அறுபத்தோரு ஞாயிற்றுக்கிழமை. அவற்றில் ஒன்றே ஒன்று நீங்கலாக அத்தனையிலும் அவர் என்னைக் கூப்பிட்டார். தேதியைத் தனியாக உங்கள் தாளில் எழுதியிருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

வேலையிலிருந்து நீக்குவீர்கள், அது முறைதான். மேற்கொண்டு போலீசுக்கும் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். மனைவி இப்போது என்னோடு பேசுவதில்லை. அதே ஹாலில் இருந்துகொண்டு, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியாரிடம் சொல்கிறாள். எனக்கு அது பழக்கம்தான்.

இன்னும் ஒன்று மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். அதை யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அவர் படுக்கையருகே வந்தார். கூட இரண்டு நர்சுகள், பயிற்சி டாக்டர்கள் நான்கைந்து பேர். காலடியில் மனைவி, மாமியார். அன்று காலை விமானத்தில் வந்து இறங்கிய மைத்துனன். டாக்டர் வலது காதருகே குனிந்து, “ஐயா, காது கேக்காம போனது எப்பவிலிருந்து? நினைவிருக்கா?” என்று கேட்டார். எத்தனை நாளாக நரம்பு நசுங்கிக் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு ஆழம் போகலாம் என்று முடிவு செய்வார்களாம். அண்மையில் போனதென்றால் நரம்பைக் காப்பாற்ற ஆழமாகப் போவார்களாம், நாள்பட்டதென்றால் அதைத் தொடாமல் விட்டுவிடுவார்களாம். மாமனாருக்குப் பாதி முகம் அசையவில்லை. இருந்தாலும் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். கையைத் தூக்கி என் பக்கம் காட்டினார். அந்தக் கை மிகச் சரியாக என்னைக் காட்டியது.

“என்னை எதுக்கு டாக்டர் கேக்குறீங்க? அவர்தான் என் மாப்பிள்ளை. காது விஷயத்துல அவருக்குத் தெரியாதது கிடையாது. அவரைக் கேளுங்க.”

காது மிஷின் விற்கிறவர் என்று சொல்லவில்லை. பெண்ணுடைய வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. என் மாப்பிள்ளை என்றார், அத்தனை பேர் முன்னிலையில். டாக்டர் நிமிர்ந்து, “நீங்க சொல்லுங்க” என்றார், மரியாதையாக. பயிற்சி டாக்டர்கள் குறிப்பேட்டைத் திறந்துகொண்டு என் வாயையே பார்த்தார்கள். மைத்துனன்கூட எனக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றான்.

“ரெண்டு வாரமா டாக்டர்” என்றேன்.

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான்காம் நாள் அவர் போய்விட்டார். நான் என்ன நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன் என்று மனைவி கேட்டாள், மைத்துனன் கேட்டான், நீங்களும் கேட்பீர்கள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.